கப்பலேறும் மாப்பிள்ளை

"முதலையக் கிட்ட நின்னு பாக்கணும்டி. மரக்கட்டையாட்டம் கெடக்குதாம்" என்றான் லோகநாதன்.

"எனக்கு ஆமை முட்டையிடறதப் பாத்தா போதும்" என்று பூங்காவனம் டிரங்குப் பெட்டியில் சேலைகளை அடுக்கினாள். பாடியில் அவன் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலிருந்து அந்தமானைச் சுற்றிப்பார்க்கப் போகும் முதல் ஆள் அவன்தான். திங்கட்கிழமை கப்பல்.

அவள் தண்ணீருக்குக் குடத்தோடு போன நேரம், திருவேற்காட்டிலிருந்து மாமனார் கன்னியப்பன் மஞ்சள் பையும் கையுமாக வந்து நின்றார். அழுதழுது கண் சிவந்திருந்தது.

"மாப்ளே, ஊரே பேசிக்கினு கீது. ஏன் இப்பிடிப் பண்ணே?"

லோகநாதன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான். "இன்னா மாமா சொல்றீங்கோ?"

"எங்கிட்ட மறைக்காதே. போலீஸ்காரங்க எப்ப வராங்கோ?"

அவ்வளவுதான். லோகநாதன் அவர் காலில் விழுந்தான். "தப்புதான் மாமா! கம்பெனி பித்தளையச் சோத்து டப்பால போட்டுக்கினு வந்து வித்தேன். அந்தத் துட்டுலதான் கப்பல் டிக்கெட் எடுத்தேன். பூங்காவனத்துக்கு மட்டும் சொல்லிடாதீங்க."

வாசலில் குடம் நங்கென்று இறங்கியது.

மாமனார் திருதிருவென்று விழித்தார். "டிக்கெட்டா? துட்டு குடுத்து யாராவது அந்தமானுக்குப் போவாங்களா? ஆயுள் தண்டனை குடுத்துதானே கப்பல்ல ஏத்துவாங்கோ! நீ யாரையோ வெட்டிட்டேன்னு நெனச்சுல்ல ஓடியாந்தேன்!"

லோகநாதனால் தரையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

பூங்காவனம் பெட்டியிலிருந்த சேலைகளை எடுத்து, அப்பாவின் மஞ்சள் பைக்குள் வைக்கத் தொடங்கினாள்.