இசக்கிக்கு வைத்த இலை

"கல்லு எங்கயாவது முட்டை திங்குமா, பேச்சித்தாய்?"

கேட்டவர் வேதக்கோயில் உபதேசியார் அருமைநாயகம். வாய்க்கால் கரை வேப்பமரத்தடியில், பிள்ளையை இடுக்கிக்கொண்டு நிற்கும் இசக்கியம்மன் சிலைக்கு முன்னால் பேச்சித்தாய் இலை விரித்திருந்தாள். முருங்கைக்கீரையும் பருப்பும் பிசைந்த சோறு, அவித்த முட்டை, வாழைப்பழம்.

"திங்குதாளே, ஐயா. நித்தம் உச்சிக்கு வைக்கேன். திரும்பி வந்து பாத்தா ஒரு பருக்கை இருக்காது."

"நாய் தின்னுருக்கும்."

"நாயி இலையை மடிச்சு வைக்குமா?"

உபதேசியாருக்குக் கோபம் வந்தது. சேரன்மகாதேவிக்கு ரயில் வந்த புதிது. ரயில் ஓடுகிற காலத்திலும் கல்லுக்கு விருந்தா என்று அன்று மாலை ஜெபக்கூட்டத்தில் வெளுத்து வாங்கினார்.

ஊர் கேட்கவில்லை. இசக்கி பிள்ளை வயிற்றோடு செத்தவள், பசி தாங்கமாட்டாள், உச்சிவேளையில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வருகிறாள் என்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களும் இருந்தார்கள். கிட்டே போனவர்கள்தான் யாருமில்லை.

உபதேசியார் வீட்டில் இந்தக் கூத்தெல்லாம் கிடையாது. இரண்டாம் தாரம் ஞானசௌந்தரிக்கு ஏழு மாதம். முதல் மனைவி தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். பிள்ளை பெருத்துவிட்டதுதான் காரணம் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அந்தப் பயத்தில் அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"அரை வயித்துக்குக் கஞ்சி போதும். பிள்ளை சிறுசா இருந்தாத்தான் நீ பிழைப்ப."

அவள் தலையாட்டுவாள். சாமான் அறைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது.

அப்படியும் கொஞ்ச காலமாக அவள் முகத்தில் ஒரு களை கூடியிருந்தது. எல்லாம் தன் ஜெபத்தின் பலன் என்று மனிதர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் உச்சிக்கு முன்பே வாய்க்கால் கரைத் தாழம்புதருக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பேயின் சாயம் இன்றைக்கு வெளுத்துவிடும்.

பேச்சித்தாய் இலை போட்டுவிட்டுப் போனாள். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. காக்கைகள்கூட வாயை மூடிக்கொண்டன. வாய்க்கால் தண்ணீர் மட்டும் யாரோ வாய்க்குள் முனகுவதுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

வரப்பில் ஓர் உருவம் வந்தது. தலையில் முக்காடு. ஒரு கை பெரிய வயிற்றைத் தாங்கியிருந்தது. காலடிச் சத்தமே இல்லை.

"கர்த்தாவே" என்று ஆரம்பித்த உபதேசியாருக்கு அடுத்த வார்த்தை மறந்துபோயிற்று.

உருவம் இலைக்கு முன்னால் உட்கார்ந்தது. இரண்டு கையாலும் அள்ளித் தின்றது. மென்றதா, விழுங்கியதா தெரியவில்லை. விக்கியது. விக்கலில் முக்காடு சரிந்தது.

ஞானசௌந்தரி.

அவர் எழப்போனார். பின்னாலிருந்து ஒரு கை தோளை அழுத்தியது. பாதி உயிர் போய்விட்டது அவருக்கு. திரும்பினால், நாய் விரட்டும் கம்போடு பேச்சித்தாய்.

"பைய, ஐயா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். முன்ன எப்பவாவது பொங்கல்தான் வைப்பேன். ஒருநா இவிய அதை எடுத்துத் தின்னதைப் பாத்துட்டேன். கையில குடுத்தா வாங்குவாவளா? உபதேசியார் வீட்டுல பட்டினின்னு ஊரு பேசும்லா. அதான் இசக்கி நித்தம் கேக்குதாள்னு சொல்லி வைக்கேன்."

அவருக்குக் கண் கலங்கியது. சாவுக்குப் பயந்து தானே இரண்டு உயிரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

"நான் போய் அவகிட்ட..."

"இப்பம் வேண்டாம். உங்களைக் கண்டா பாதியில எந்திரிச்சு ஓடிருவாவ."

உபதேசியார் அப்படியே உட்கார்ந்தார். மெல்லக் கேட்டார்.

"உச்சிவேளையில, தனியா, இந்த இடத்துக்கு வர அவளுக்குப் பயமா இருக்காதா?"

"என்னத்துக்குப் பயப்படணும்? இசக்கி அவிய சோத்தை அளந்து பாக்க மாட்டாளே, ஐயா."