நான்காவது ஸ்லாப்

“மூணு ஸ்லாப்பையும் சேச்சி தேய்க்கிறாங்க. நாலாவதை மட்டும் ஜினு கையில குடுக்கிறாங்க. அது எந்தக் கம்பெனி மேடம்?” என்றான் ஷிஜு.

“எங்களுக்குத் தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும்,” என்றாள் பத்மப்ரியா. அந்த ஆய்வகத்தின் பொறியாளர்.

பனிமலைச் சாலைக்கான கான்கிரீட். பனி உருக அங்கே உப்பு தூவுவார்கள். உறைபனியும் உப்புமாகச் சேர்ந்து கான்கிரீட்டின் தோலை உரித்துவிடும். அதனால் இங்கே, திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில், ஸ்லாப்பின் மேல் உப்புநீரைத் தேக்கி, தினமும் உறைய வைத்து உருக்கினார்கள். ஐந்து நாளுக்கொரு முறை பிரஷ்ஷால் தேய்த்து, உதிரும் பொருக்கை எடை போடுவார்கள். தேறுகிற கம்பெனிக்குத்தான் ஆர்டர்.

இன்று ஐம்பதாவது நாள். கடைசித் தேய்ப்பு. ஷிஜு தன் கம்பெனி சார்பில் பார்க்க வந்திருந்தான்.

“ரெண்டாம் நம்பர் எங்களோடது. அதை தோசைக்கல்லு மாதிரி தேய்ச்சாச்சு. நாலாவதையும் சேச்சியே தேய்க்கட்டும். இல்லன்னா நான் புகார் எழுதிக் குடுப்பேன்.”

பத்மப்ரியா ஸ்லாப் தேய்க்கும் பெண்ணிடம் திரும்பினாள். “ஜெயஷீலா, ஏன் நாலாவதை மட்டும் விட்டுடறேள்?”

“கை வலிக்கு மேடம்.”

“நாலாவதுக்கு மட்டும் வர்ற வலியாக்கும்,” என்றான் ஷிஜு.

“எனக்கும் ஒரு வேலை வேண்டாமா அண்ணா?” என்று உதவியாள் ஜினு சிரித்தான். வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜெயஷீலா அவனிடமிருந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டாள்.

நீளவாக்கில் பத்து. குறுக்கே பத்து. எண்ணிக்கை மாறவில்லை. ஆனால் ஜல்லி தெரிந்தது.

ஜினு எடை போட்டான். இதுவரை ஒரு தடவையும் இருபது கிராமைத் தாண்டாத ஸ்லாப். இன்று நாற்பத்தாறு.

“மொத்தத்துல வரம்பைவிட ஏழு கிராம் கூடுதல். நாலாவது போச்சு,” என்றான்.

ஷிஜுவின் ஸ்லாப் தேறியிருந்தது. கையெழுத்துப் போட்டான். “தப்பா நினைக்காண்டாம் சேச்சி,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்மப்ரியா பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது யாரோட ஸ்லாப்?”

ஜெயஷீலா ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். உரியாத இடத்தில் மெல்லிய வளைகோடுகள், மற்ற ஸ்லாப்களின் கோடுகளுக்கு எதிர்ப்பக்கமாக.

“இடது கையால கொத்துக்கரண்டி பிடிச்சுப் பூசுற ஆளு. எங்க வீட்டுக்காரரு. மொத நாளே தெரிஞ்சிட்டு. இது தேறினா அந்தக் கம்பெனியில நிரந்தரமாக்குவாங்கன்னு இருந்தாரு.”

பத்மப்ரியா பதிவேட்டை மூடினாள்.

“மெதுவாத் தேய்ச்சுடுவோமோன்னு பயந்துதான் ஜினுகிட்ட குடுத்தேளா?”

ஜெயஷீலா பிரஷ்ஷைத் தொட்டியில் தட்டிக் கழுவினாள்.

“இல்ல மேடம். யாரும் ஒண்ணும் சொல்லிரப்பிடாதேன்னு நானே கூடுதலா அழுத்திருவேனோன்னுதான் பயந்தேன்.”