எட்டாவது குறை

"நல்லா சத்தமாப் படிக்கணும். ஏழு குறையையும். ஒண்ணுகூட விட்டுடக் கூடாது."

காரை விற்க வந்த அந்தம்மா காகிதத்தை நீட்டினார். படித்துப் பார்த்த ஏலக்காரருக்குத் தலை சுற்றியது.

"அம்மா, இது விக்கிறதுக்கு எழுதினதா, விக்காம இருக்கிறதுக்கு எழுதினதா?"

"விக்கத்தான்."

"ரெண்டாவது கியர் மனசு வச்சாத்தான் விழும்னு போட்டிருக்கீங்க. காலையில நானே குடோன்லேர்ந்து ஓட்டிட்டு வந்தேன். கையை வச்சாலே விழுது. கூரை ஒழுகும்னு போட்டிருக்கீங்க. வழியெல்லாம் தூறல். ஒரு சொட்டு உள்ளே வரல."

"என் வண்டி. நான் சொல்றேன், நீங்க படிங்க. குறைஞ்சபட்ச விலைன்னும் எதுவும் வைக்காதீங்க."

ஏலக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். சும்மாவா? பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்! ரெண்டே சீட். கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டுத் தலைமுடி பறக்கப் போகலாம். ஏல நோட்டீஸ் அட்டையிலேயே இதன் படம்தான். நல்ல விலைக்குப் போனால் உனக்கு மேனேஜர் நாற்காலி என்று முதலாளி சொல்லியிருந்தார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

குறையை மறைத்து விற்றால் குற்றம் என்று ஏல விதியில் இருக்கிறது. இல்லாத குறையைச் சொல்லி விற்றால்? விதி எழுதின புண்ணியவான் இப்படி ஒரு அம்மாவைக் கனவில்கூடக் கண்டிருக்க மாட்டான்.

போய்ச் சேர்ந்த புருஷன் மேல் இருக்கும் கோபத்தை வண்டி மேல் காட்டுகிறாரோ? இல்லை, புத்தி கித்தி பிசகிவிட்டதோ? ஒன்றும் புரியாமல் மேடை ஏறினார்.

அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடைசி வரிசையில் எவனாவது காதைச் சொறிந்தால்கூட விலையில் ஏற்றிவிடுவார். 'ரெண்டு தரம்' என்று ஆரம்பித்தால் ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டே போவார்; அதற்குள் இன்னும் நாலு கை தூக்க வைத்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் இன்று மென்று விழுங்கிக்கொண்டு படித்தார்.

"இடது பக்கம் திருப்பினா ஹார்ன் தானா அடிக்கும்... பெட்ரோல் முள்ளு எப்பவும் 'ஃபுல்'லுன்னே காட்டும்... கதவு உள்ளேர்ந்து திறக்காது..."

கூட்டம் சிரித்தது. நாலாவது குறையில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். பெரிய வியாபாரி ஒருவர் மட்டும் நம்பாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கடைசி வரிசையில் ஒருத்தர். இஸ்திரி மடிப்புக் கலையாத பழைய சட்டை. ஒவ்வொரு குறைக்கும், தான் பெற்ற பிள்ளையின் சேட்டையைக் கேட்பது போலத் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது... மழை பெய்ஞ்சா கூரையில வலது பக்கம் ஒழுகும்."

"இடது பக்கங்க!" என்றார் அவர், எழுந்து நின்று. "என் சம்சாரம் குடை பிடிச்சுக்கிட்டேதான் உட்காருவா."

ஏலக்காரர் நிமிர்ந்தார். "உங்க வண்டியா இது?"

"ஒரு காலத்துல. ரெண்டு பேர் உட்கார்ற வண்டி. மூணாவதா ஒண்ணு பொறந்துச்சு. இந்தம்மா வீட்டுக்காரர்கிட்ட வித்துட்டேன். திருப்பி விக்கிறதா இருந்தா உங்களுக்குத்தான்னு சொல்லியிருந்தாரு மனுஷன். அவரு போனப்புறம் அம்மா சும்மாவே எடுத்துட்டுப் போங்கன்னாங்க. எனக்கு மனசு ஒப்பலீங்க. ஏலத்துல போடுங்க, எல்லாரையும் போல நானும் கேட்டு வாங்கிக்கிறேன்னுட்டேன்."

"சரி..."

"நல்ல வேளை, இத்தனை வருஷத்துல ஒரு குறையும் சரி பண்ணலை போலிருக்கு. இல்லேன்னா இது எனக்கு எட்டுற விலையா?"

சொல்லிவிட்டுத் தன் விலையைச் சொன்னார். அதற்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் வாங்கலாம்.

ஏலக்காரர் முன்வரிசையைப் பார்த்தார். அந்தம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கையும் கோத்துக் கிடந்தன.

அட, இதுக்காகவா?

"ஒரு தரம்" என்றார்.

அதற்குள் வியாபாரி காருக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். கதவைச் சாத்தினார். உள்ளேயிருந்து பிடியை இழுத்தார். கதவு சமர்த்தாகத் திறந்தது. வியாபாரி பரபரவென்று கியரைப் போட்டுப் பார்த்தார். விழுந்தது. அவர் கண் விரிந்தது.

மேனேஜர் நாற்காலி ஒரு நிமிஷம் ஏலக்காரர் கண் முன்னால் வந்து நின்றது. முதலாளியின் முகமும் பின்னாலேயே வந்தது.

வியாபாரியின் கை உயர்ந்தது.

"ரெண்டுதரம்மூணுதரம்!" மூச்சு விடாமல் சொல்லிச் சுத்தியலால் ஓங்கி அடித்தார் ஏலக்காரர். "கடைசி வரிசை ஐயாவுக்கு!"

அந்தம்மா கண்ணைத் திறந்தார். கடைசி வரிசைக்காரர் காரை நோக்கி நடக்கக்கூட மறந்து அப்படியே நின்றார்.

வியாபாரி மேடைக்கே ஓடி வந்துவிட்டார். "யோவ், என்ன அநியாயம் இது! நான் கையைத் தூக்கினேனே! காதைச் சொறிஞ்சாலே கண்டுபிடிக்கிற ஆளு, முழுசாத் தூக்கின கையா தெரியல?"

ஏலக்காரர் அந்தக் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். எட்டாவதா ஒரு குறை இருக்கு, படிக்காம விட்டுட்டேன். எனக்குச் சில நேரம் கண்ணு தெரியாது."