அரை அங்குலம்

முற்றத்திலிருந்து மேட்டுத் தோட்டத்துக்கு ஏறும் ஒற்றைப் படிக்கல்லை ஈரமான சிமெண்ட் கலவைமேல் வைத்துவிட்டு, தையல்காரர் கழுத்தில் கிடக்கும் நாடாவை எடுத்து உயரம் பார்க்கிறார். ஆறரை அங்குலம். முழங்கால் ஆபரேஷன் முடிந்த மனைவிக்கு டாக்டர் அனுமதித்திருப்பது ஆறுதான். "தையலுக்குத் துணி விடுற மனுஷன், கலவைக்கு இடம் விடலையா?" என்கிறாள் அவள், கைத்தடியை ஊன்றியபடி. இரண்டு மாதமாகத் தன் தக்காளிச் செடிகளைக் கீழே நின்றேதான் பார்க்கிறாள். "ஜாக்கெட்னா பிரிச்சுத் தைக்கலாம். இது அரை மணியில இறுகிடும். காலைத் தூக்கிக் காட்டு, மிதிச்சிடாத." ரப்பர் சுத்தியலால் கல்லைத் தட்டுகிறார். நாலு ஓரமும் கலவை பிதுங்குகிறது. கரண்டியால் வழித்துவிட்டு மறுபடி தட்டுகிறார். மண்டியிட்டிருக்கும் அவர் தலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அவள் பாதத்தைக் கல்லுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்துகிறாள். கால் நடுங்குகிறது. உதட்டைக் கடிக்கிறாள். "இன்னும் கொஞ்சம் இறக்குங்க." டொக், டொக். கல்லின் ஈரத்தில் வெயில் மினுங்குகிறது. அவள் மீண்டும் காலைத் தூக்குகிறாள். இந்த முறை முகம் சுளிக்கவில்லை. அவர் தலைமேலிருந்த கையையும் மெல்ல எடுத்துவிடுகிறாள். ஓங்கிய சுத்தியல் அந்தரத்திலேயே நிற்கிறது.