டூர்க்காரர்களின் மேசை

பனிமூட்டத்துக்குள்ளிருந்து பஸ் பாதிதான் வெளியே வந்து நின்றது. மீதிப் பாதி சோளக்காட்டிலேயே தங்கிவிட்டதுபோல் இருந்தது.

கரண்டும் காரும் வேண்டாமென்று அந்தக் காலத்து மாதிரியே வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் நாங்கள். எங்கள் கைச் சமையலுக்கு ஆசைப்பட்டு வந்த டூர்க்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எங்கள் வீட்டு வாசல் நிலை தாழ்வு. "தலை, தலை!" என்று வழிகாட்டி கரோலின் கத்துவாள். அப்படியும் நாலைந்து பேர் இடித்துக்கொள்வார்கள்.

கடைசியாக வந்த உயரமான பெண், கரோலின் வாயைத் திறக்கும் முன்பே குனிந்து நுழைந்தாள்.

என் கையில் கரண்டி அப்படியே நின்றது.

காதுவரை வெட்டிய முடி. உதட்டுச் சாயம். ஜீன்ஸ். என்ன வேஷம் போட்டால் என்ன, பெற்றவளுக்குத் தெரியாதா? என் சலோமாதான்.

ஞானஸ்நானம் வாங்கிவிட்டு, பிறகு சபையை விட்டுப் போனவள். அப்படிப்பட்டவர்களோடு நாங்கள் ஒரே மேசையில் சாப்பிடக் கூடாது. அவர்கள் கையிலிருந்து எதையும் வாங்கக் கூடாது. மீறினால் சபை முன்னால் மண்டியிட வேண்டும்.

ஆனால் டூர்க்காரர்கள் மேசையில் நாங்கள் உட்காருவதே இல்லை. பரிமாறுவதோடு சரி. கள்ளி, எப்படி ஒரு வழி கண்டுபிடித்து வந்திருக்கிறாள் பாருங்கள்!

சிரிப்பு வந்தது. கூடவே பின்கதவைப் பார்த்துக்கொண்டேன். என் கணவர் ஏனோஸ் தொழுவத்தில் இருந்தார். அவர்தான் எங்கள் சபையின் டீக்கன். விதி மீறியவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது அவர் வேலை.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் வராமல் இருந்தால் போதும் ஆண்டவரே.

நூடுல்ஸின் ஆவி அறை முழுக்கப் பரவியிருந்தது. டிவி இல்லாமல் எப்படிப் பொழுது போகிறது என்று யாரோ கேட்டார்கள். ஏதோ பதில் சொன்னேன். ஆவிக்கு நடுவில் அவள் ஒரு கணம் பத்து வயதுச் சிறுமியாகத் தெரிந்தாள். தலை நிமிராமல், வழித்துச் சாப்பிட்டாள்.

கிளம்பும்போது எல்லோரும் தட்டை என் கையில் கொடுத்தார்கள். அவள் மட்டும் ஜன்னல் திட்டில் வைத்தாள். எனக்கு வம்பு வரக் கூடாதே என்றுதான்.

"அட, கையிலதான் குடேம்மா. அவங்க ஒண்ணும் கடிச்சிட மாட்டாங்க" என்றாள் கரோலின்.

சலோமா தட்டைத் திரும்ப எடுத்தாள். எங்கள் பாஷையில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"நூடுல்ஸ்ல உப்பு கம்மிம்மா. எப்பவும் போல."

கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். தட்டுக்கு அடியில் அவள் விரல்கள் சூடாக இருந்தன.

பின்கதவு திறந்தது. ஏனோஸ்.

வெளிக்குளிரிலிருந்து சமையலறைச் சூட்டுக்குள் வந்ததும் அவர் கண்ணாடி வெளுத்துப்போயிற்று. மற்ற நாளென்றால் உடனே கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்வார்.

இன்று துடைக்கவில்லை.

"கண்ணாடி ஒரே மூட்டமா இருக்கு லவீனா. யாரு என்னன்னு ஒண்ணும் தெரியல" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

சலோமா வாசலில் குனிந்து வெளியே போனாள்.

பஸ் சத்தம் அடங்கும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

அதில் படிந்த ஆவி எப்போதோ போயிருந்தது.