குருமாவுக்கு உப்பு

உப்பு போட்டோமா, இல்லையா?

சுந்தரவல்லி கரண்டியைக் குருமாவில் விட்டபடியே நின்றாள். வெங்காயம் வதக்கியது ஞாபகம் இருந்தது. தேங்காய் அரைத்து ஊற்றியது ஞாபகம் இருந்தது. நடுவில் உப்புக் கிண்ணத்துக்குக் கை போனதா என்பது மட்டும் சுத்தமாக மறந்துவிட்டது.

கிண்ணத்தைப் பார்த்தாலும் ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் ஜமீலாவும் அதிலிருந்துதான் எடுத்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்திருப்பார்கள். இவள் மயிலாப்பூர் ஐயங்கார் வீட்டுப் பெண். சட்டியில் கொதிப்பது ஆட்டுக்கறி.

அதோடு, சமைக்கும்போது ருசி பார்க்கிற பழக்கமே அவளுக்கு இல்லை. பெருமாளுக்குப் படைப்பதற்குமுன் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது என்று வளர்ந்தவள். எல்லாம் கைக்கணக்குதான். ரொட்டி, சூப், புலவு, புட்டிங் என்று இதுவரை நான்கு அசைன்மெண்டுக்கும் அந்தக் கை ஏ வாங்கித் தந்திருந்தது.

நான்கு ஏ இருந்து என்ன? அடையாறில் இருந்த அந்தச் சமையல் பயிற்சிப் பள்ளியில் கணக்கு வேறு. ஒரு யூனிட்டுக்கு ஐந்து அசைன்மெண்ட். ஐந்தில் எது ஆகக் கீழோ, அதுதான் யூனிட் முழுவதற்கும் கிரேடு. நாலு ஏயும் ஒரு சியும் வாங்கினால் மொத்தமும் சி. கூட்டி வகுத்துப் போடக் கூடாதா சார் என்று முதல் நாளே ஒருத்தி கேட்டாள். சாப்பிட வருகிறவன் கூட்டி வகுத்தா சாப்பிடுவான் என்று திருப்பிக் கேட்டார் வெள்ளைத்துரை சார்.

சி வந்தால் அந்த யூனிட்டை அடுத்த வருஷம் முதலிலிருந்து செய்ய வேண்டும். சுந்தரவல்லிக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. இந்த ஒரு வருஷத்துக்குள் முடித்தால் வேலை, இல்லாவிட்டால் கல்யாணம் என்று அண்ணா சொல்லிவிட்டான். அவள் கேக் செய்யப் படிக்கிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அடுப்பைத் தணித்தாள். மறுபடி ஏற்றினாள். கையை ஏப்ரனில் துடைத்தாள், துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். அப்படியே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பல்லவன் பஸ் ஏறிவிடலாம் போலிருந்தது.

சார் இரண்டு மேஜை தள்ளி யாருடைய குருமாவையோ வாயில் வைத்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்.

மேஜையின் மறுபாதி ஜமீலா என்கிற ஜமீலுன்னிசாவுடையது. ராயப்பேட்டைக்காரி. ரம்ஜான் மாதம், அவளும் வாயில் எதையும் வைக்க மாட்டாள். அவள் முன்னாலேயே முடித்துவிட்டாள். சற்று முன்புதான் சார் அவள் குருமாவுக்கு ஏ போட்டு, நோன்பு வைத்துக்கொண்டு ருசியே பார்க்காமல் இந்தப் பெண் எப்படிச் செய்திருக்கிறாள் என்று வகுப்பு முழுவதும் கேட்கும்படி புகழ்ந்திருந்தார். ஜமீலா தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் உப்பு போட்டதைப் பார்த்தாயா என்று சுந்தரவல்லி உதடு அசையாமல் கேட்டாள். பார்க்கவில்லை என்று ஜமீலா தலையாட்டினாள். மோந்தாவது சொல்லேன் என்றாள் இவள். உப்புக்கு ஏதுடி வாசனை என்றாள் அவள்.

போடாமல் விட்டிருந்தால் சப்பென்று இருக்கும். சி. இரண்டாம் தடவை போட்டுவிட்டால் கரிக்கும். அதுவும் சி.

பரிமாறுகிற கிண்ணம் எங்கேம்மா, சட்டியோடவா மேஜைக்குக் கொண்டுபோவே என்று சார் அங்கிருந்தே குரல் கொடுத்தார். சுந்தரவல்லி ஸ்டோர் ரூமுக்கு ஓடினாள். பீங்கான் கிண்ணங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக் கிடந்தன. ஒன்றை உருவி எடுப்பதற்குள் முடிவு செய்துவிட்டாள். போட்டுவிடுவது.

திரும்பி வந்தபோது சார் அடுத்த மேஜையில் நின்றார். இவள் விரல் நிறைய உப்பை அள்ளினாள்.

"போடாத, வல்லி," என்றாள் ஜமீலா, மேஜையைத் துடைத்தபடி. "உப்பு கீது."

உனக்கெப்படித் தெரியும் என்று கேட்க நேரமில்லை. சார் எதிரில் வந்துவிட்டார். சுந்தரவல்லி கையை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் உப்பு ஈரமாகிப் பிசுபிசுத்தது.

சார் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார். கண்ணை மூடினார். இன்னொரு ஸ்பூன் எடுத்தார்.

ஏ என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார். ஐந்தும் ஏ. யூனிட்டும் ஏ.

பாத்திரம் கழுவுகிற சாக்கில் இரண்டு பேரும் பின்புறக் குழாயடிக்கு வந்தார்கள். ஐப்பசி மழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. அங்கேதான் சுந்தரவல்லி கேட்டாள்.

ருசி பார்த்தேன் என்றாள் ஜமீலா.

சுந்தரவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்காகவா நோன்பை விட்டே, ஏன்டி இப்படிப் பண்ணினே என்று சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாத்துக்கு அழுவுறே? நேத்திலேர்ந்து எனக்கு நோம்பே இல்ல. அந்த நாளுல எங்களுக்குக் கெடையாது. அத்தப் போயி சார்கிட்ட சொல்ல முடியுமா?"

தன் குருமாவையும் சார் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது நக்கிப் பார்த்தாளாம். ஆண்கள் எதிரில் தண்ணீர் குடிக்க முடியாமல் காலையிலிருந்து தொண்டை காய்கிறது, கொஞ்சம் மறைத்துக்கொண்டு நில் என்றாள்.

சுந்தரவல்லி அவளுக்கு முதுகைக் காட்டி, கட்டடத்தைப் பார்த்து, முந்தானையை விரித்துப் பிடித்தாள். பின்னால் ஜமீலா கையில் ஏந்தி மடக்கு மடக்கென்று குடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் சொல்லியிருந்தா எங்காத்துல இன்னிக்கு என்னையும் பின்கட்டுல உக்கார வச்சிருப்பா," என்றாள் சுந்தரவல்லி, திரும்பாமலே. "அடுப்பங்கரைப் பக்கமே விடமாட்டா. யூனிட் போயிருக்கும். அதான் சொல்லாமலே வந்துட்டேன்."

ஜமீலாவுக்குப் புரையேறியது.

சுந்தரவல்லி ஒரு கையால் முந்தானையை விடாமல் பிடித்துக்கொண்டு, மறு கையைப் பின்னால் நீட்டி அவள் தலையில் தட்டினாள்.