சுவரை ஒட்டிய செடிகள்

“புத்தாம்ண்ணே. உள்ளுக்குள்ள பரவிருச்சாம். வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும்கிறாக. நாகுகிட்ட மட்டும் சொல்லிராதீக, பயந்துருவா.”

அடுப்படி ஜன்னலோரம் அரிசி களைந்துகொண்டிருந்த நாகவல்லியின் கை அப்படியே நின்றது. கொல்லைக் கிணற்றடியில் அவள் கணவர் சிதம்பரம், தேவகோட்டையிலிருந்து வந்திருந்த தன் அண்ணன் அழகுசுந்தரத்திடம் பேசிக்கொண்டிருந்தார். ரகசியம் என்பதால் குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது. அண்ணன் வீட்டின் மேற்குச் சுவரையே வெறித்துக்கொண்டு நின்றார்.

அந்தச் சுவரை ஒட்டித்தான் அவள் செடி வைத்திருந்தாள். ஒரு மல்லிகைக் கொடி, கறிவேப்பிலை, நாலு குரோட்டன்ஸ்.

நாலு வருஷத்துக்கு முன்னால், அறுபத்தெட்டில், வீடு கட்டிய அரசப்பன் கொத்தனார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுவருக்கும் செடிக்கும் நடுவில் ஒரு ஆள் தோள் உரசாமல் நடந்து போக இடம் வேண்டும். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோலச் செங்கல் மேலே இழுக்கும். இலை மறைப்பதால் வெயிலும் காற்றும் பட்டு அது காயாது. கரையானுக்கு வெளிச்சம் ஆகாது. இலை மறைவு கிடைத்தால் புத்து வைத்து, மண்ணால் குழாய் கட்டிக்கொண்டு சுவரேறும். கதவு நிலைக்குப் போகும், அங்கிருந்து உத்தரத்துக்குப் போகும். வெளியே வெள்ளையடித்த சுவர் பளிச்சென்று இருக்க, உள்ளே மரம் தவிடாகிவிடும். பிறகு ஒருநாள் கூரை மொத்தமாக இறங்கும்.

நாகவல்லி கேட்கவில்லை. சமைக்கும்போது மல்லிகை வாசம் வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு கொடியால் கோட்டையா இடிந்துவிடும் என்று சிரித்தாள்.

ஆத்தங்குடியில் தரைக்கல் அச்சடித்து, சிமெண்டில் விரலெல்லாம் வெந்து, சிதம்பரம் சேர்த்த காசில் கட்டிய வீடு. ஒரு மாதமாக அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவளைத் திட்ட மனம் வராமல் தனக்குள்ளேயே வைத்துப் புழுங்கியிருக்கிறார்.

மதுரையில் வேலை என்று கிளம்பிய சிதம்பரத்தை பஸ் ஏற்றிவிட அண்ணனும் கூடப் போனதும் நாகவல்லி கடப்பாரையை எடுத்தாள்.

மல்லிகை வேர் சுவரடியில் பெருவிரல் கனத்துக்கு ஓடியிருந்தது. அதை இழுக்கும்போது சுவர் பொலபொலவென்று வந்துவிடுமோ என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பூரான் கால்மேல் ஏறி ஓடியது. உள்ளங்கை பட்ட இடத்தில் சுண்ணாம்பு பத்தையாகப் பெயர்ந்து விழுந்தது. காதை வைத்துக் கேட்டாள். கரகரவென்று ஏதோ கேட்டது. தன் மூச்சா, உள்ளே எதுவோ மெல்லுகிற சத்தமா, தெரியவில்லை. இந்தச் சுவருக்கு அங்குட்டுதான் அவர் தலை வைத்துப் படுப்பார். நேர் மேலே உத்தரம்.

அதை நினைத்ததும், மண் கையோடு இரண்டு தெரு ஓடிப்போய்க் கொத்தனாரைக் கூட்டிவந்தாள்.

பிடுங்கிக் கிடந்த செடிகளைப் பார்த்து அரசப்பன் சிரித்தார். “இப்பவாச்சும் என் பேச்சு ஏறுச்சா ஆத்தா?”

“கிண்டல் பண்ணாதீக கொத்தனாரே. புத்து வச்சிருச்சு. உள்ள பரவிருச்சாம். இன்னும் எத்தனை நாள் தாங்கும்னு மட்டும் சொல்லுங்க.”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுத்தியலை எடுத்தார். உள்ளே காலியாகியிருந்தால் பானையைத் தட்டுவதுபோலக் கேட்கும் என்று சொல்லிக்கொண்டே, அடியிலிருந்து சாண் சாணாகத் தட்டினார். பூச்சைச் சுரண்டினார். கதவு நிலையில் ஆணியை வைத்து அழுத்தினார். ஏணி போட்டு உத்தரத்தையும் குத்திப் பார்த்தார். நாகவல்லி சுவரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே பார்த்தாள்.

கொத்தனார் இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

“மேல் பூச்சு மட்டுந்தான் ஊறியிருக்கு. வெயில் பட்டாக் காஞ்சுரும். உள்ள கல்லாட்டம் நிக்கிது. புத்துமில்ல, புழுவுமில்ல. எவன் ஒன்னையப் பயமுறுத்துனது?”

நாகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகையெல்லாம் ஒரேயடியாக வந்தது. ஒன்றுமே இல்லையாம். இதை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். இன்றைக்காவது வயிறாரச் சாப்பிடுவார்.

தம்பியை பஸ் ஏற்றிவிட்டு அழகுசுந்தரம் கொல்லை வழியாக உள்ளே வந்தார். அவள் அழுவதைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு அவள் எதிரில் குத்தவைத்தார்.

“தம்பி சொல்லிட்டானாக்கும். அழுகாத ஆத்தா. அவனுக்கு வந்த மாதிரி தொண்டைப் புத்தையெல்லாம் இப்பக் கரண்டு வச்சே கருக்கிர்றாகளாம், மதுரை டாக்டரு சொன்னாராம்.”